இலை கொட்டிய காடு

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மாலைப் பூசை முடிந்து வந்தால், முற்றத்துத் தட்டைச் சட்டி வெறுமையாகக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் விதை ஊன்றி, சாண் உயரத்துக்கு மேல் போகவிடாமல் வெட்டி வெட்டி வளர்த்த ஏழு கன்றுகள்; விட்டால் அடி யானைபோலப் பருக்கும் பெருக்கமரத்தின் கன்றுகள். என் குட்டிக் காடு.

"உன்ர கண்டெல்லாம் பட்டுப்போச்சு. பிடுங்கி எறிஞ்சிட்டன்," என்றார் கணவர், வலை தைத்தபடி.

"கோடையில பெருக்கு இலை கொட்டும். உங்களுக்குத் தெரியாதே?"

அழுகை வந்துவிட்டது. அவர் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார். இருவருமாகக் குப்பையைக் கிளறினோம். ஐந்து கிடைத்தன. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை இருந்தது.

"நீ விடு, நான் நடுறன்."

நான் அளந்து வரிசையாக நட்டிருந்தேன். அவர் மூன்றை நெருக்கமாகவும், ஒன்றைத் தள்ளியும், ஒன்றைச் சரித்தும் வைத்தார்.

"என்ன இப்பிடி நடுறியள்?"

"காட்டில மரம் வரிசையிலயே நிக்குது?"

திருத்தத்தான் நினைத்தேன். ஆனால் இன்றுதான் அது காடு மாதிரி இருக்கிறது. மழை வந்து துளிர்க்கும்வரை பிழைக்குமா என்று சொல்லமுடியாது. மற்ற இரண்டையும் விடிந்ததும் தேடித் தருவாராம். கடலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். பிந்திப் போறன் என்கிறார்.