என் கை வரையாத மரம்

ஜமுனாமரத்தூர்,
6 ஏப்ரல் 2025

அடியே ஷாஹீன்,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. இன்ஸ்டாகிராமில் போய்ப் பார்த்தால் அங்கேயும் நீ இல்லை. உன் தம்பி ஒவைஸைப் பிடித்தேன். "வாணிக்கா, உங்க பேரை எடுத்தாலே அக்கா எழுந்து போய்டுது. என்னை வுட்டுடுங்க" என்று போனை வைத்துவிட்டான். தபால்காரரை மட்டும் உன்னால் பிளாக் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன். கல்லூரி முடித்த பிறகு கையால் எழுதும் முதல் கடிதம், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அம்மிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே புளி உலுக்கி முடிந்தது. கொட்டை எடுக்கச் சொல்லி அம்மா என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறாள். விரலெல்லாம் பிசுபிசுப்பு, இந்தத் தாளிலும் ஒட்டியிருக்கும்.

கண்காட்சி விஷயம் உனக்குத் தெரியும். நம் வகுப்பில் படித்த ஆறு பேர் சேர்ந்து, கம்ப்யூட்டரில் செய்த ஓவியங்களை மே 10, 11 இரண்டு நாள் இங்கே சமுதாயக் கூடத்தில் வைக்கிறோம். சக்கரவர்த்திதான் முன்னால் நிற்கிறான். "படம் போட்றது ஆளா, மிஷினா? ஜனங்க சண்டை போட்டுப் பேசணும்" என்பது அவன் ஆசை. என்னுடையது ஒரு சுவர் முழுக்க நிற்கும் எங்கள் ஊர்ப் புளியமரம். அது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். நான் எடுத்த போட்டோக்களையும், நீ எங்கள் வீட்டில் தங்கியபோது அதை வரைந்த படங்களையும் ஒரு ஏஐ நிரலுக்குக் கற்றுக்கொடுத்தேன். அதுவே வரைகிறது. பதினான்கு மாத உழைப்பு. அழைப்பிதழில் அந்த மரத்தைத்தான் போட்டோம். அது வெளியான அன்றைக்கே நீ என்னை வெட்டிவிட்டாய்.

நான் என்னடி தப்பு செய்தேன்? உன் படங்கள் நம் இருவருக்கும் பொதுவான போல்டரில் நான்கு வருடமாகச் சும்மா கிடந்தன. நீ திறந்துகூடப் பார்க்கவில்லை. கிடந்ததைத்தானே எடுத்தேன்? நீ வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். ஒரு வரி எழுது.

உன் கோகிலவாணி


வாணியம்பாடி,
13 ஏப்ரல் 2025

வாணிக்கு,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. பொய்யாக எதற்குப் போடுவது?

நான் இன்னும் ஷூ கம்பெனியில்தான், தோல் வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடும் வேலையில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் வகுப்பு ராஜேஷ் உங்கள் அழைப்பிதழை அனுப்பினான். திறந்ததும், 'அட, இதை நான் எப்போது வரைந்தேன்?' என்றுதான் தோன்றியது. இலைக்கொத்தின் நுனி மூடாமல் விடப்பட்டிருந்தது. கிளை பிரியும் இடத்தில் கோடு தடித்து மெலிந்தது. எல்லாம் என் கை. ஆனால் அதில் மழை பெய்கிறது, வாணி. நான் உங்கள் ஊருக்கு வந்தது பிப்ரவரியில். மழையில் அந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை. கீழே உன் பெயர் இருந்தது. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். கோபம் பிறகு வந்தது. முதலில் வந்தது பயம்.

சும்மா கிடந்தது என்கிறாய். இருபது நாளில் இருநூற்றுப் பதினான்கு படம் வரைந்தேன். அந்த ஜூனில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எதையும் வரையவில்லை. போல்டரைத் திறக்கவும் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்றா திறக்காமல் வைத்திருந்தேன்? யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் போட்டவரின் பெயரெழுத்து மூலையில் இருக்கும். கழித்துப் போட்ட துண்டிலும் இருக்கும். குப்பையிலிருந்து எடுத்தாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவர் கத்தி வைப்பார். நீ கேட்கவில்லை.

அந்த மரத்திலிருந்து என் கையை எடுத்துவிடு. பதில் வேண்டாம்.

ஷாஹீன்


ஜமுனாமரத்தூர்,
20 ஏப்ரல் 2025

ஷாஹீன் கண்ணு,

பதில் வேண்டாம் என்றாய். என்னால் முடியவில்லை, மன்னித்துவிடு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கும் கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவைதான் உறைத்தது. எங்கள் ஊர்ப் பழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். மரம் யாருடையதானாலும், உலுக்கி, மூட்டை கட்டி ஏற்றிய பிறகு கீழே கிடப்பதை யாரும் பொறுக்கலாம். கேட்க வேண்டியதில்லை, கேட்டால்தான் சிரிப்பார்கள். ஐந்து வயதிலிருந்து அப்படிப் பொறுக்கியவள் நான். போல்டரில் கிடந்ததையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். நீ மூட்டை கட்டவே இல்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை. தப்புதான்டி. சாக்குச் சொல்லவில்லை, எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

உன் கையை மட்டும் எடுக்க முயன்றேன். முடியவில்லை. கரைத்த புளியை ரசத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? நிரல் கற்றதை முழுதாக அழித்தால்தான் உண்டு. அது வரைந்த எல்லாமும் சேர்ந்து போகும். "சின்ன எழுத்துல 'நன்றி ஷாஹீன்'னு போட்டுடு, முடிஞ்சுது" என்றான் நம் வகுப்பு கோகுல்ராஜ். அவனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். உண்மையில் சண்டை என்னோடுதான். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

மே 4 ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுவேன். இப்போதே செய்யாதது ஏன் என்று கேட்காதே. பதினான்கு மாதம், மனம் ஒரேயடியாக வரமாட்டேன் என்கிறது. உன் இருநூற்றுப் பதினான்கும் போல்டரில் அப்படியே இருக்கும், அவற்றைத் தொடமாட்டேன்.

உன் வாணி


வாணியம்பாடி,
2 மே 2025

அன்புள்ள வாணி,

போட்டுவிட்டேன், பார்த்தாயா?

பத்து நாளாக உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். நேற்று மே தின விடுமுறை. அம்மியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போல்டரைத் திறந்தேன். முதல் பத்துப் படங்கள் வரை அழுதேன். பிறகு அம்மி, "இந்தக் கிளை கோணலா கீது, இது நல்லா கீது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு தப்பை ஒத்துக்கினா இல்ல? அப்புறம் இன்னா? உம்பேரையும் போடச் சொல்லு" என்றார்கள்.

அழிக்காதே. இந்தக் கடிதம் நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடு. நான் பார்க்காத மழையை உன் இயந்திரம் என் கோட்டில் எப்படி வரைந்தது என்று சுவரளவில் பார்க்க வேண்டும். பத்தாம் தேதி ஆலங்காயம் பஸ்ஸில் வருகிறேன்.

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடாதே, பேசினால் அழுதுவிடுவேன். நேரில் பார்ப்போம்.

ஷாஹீன்


ஜமுனாமரத்தூர்,
6 மே 2025

மடச்சி, மடச்சி,

ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? உன் கடிதம் இன்று மதியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அழித்துவிட்டேன். பிரதி ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் என்றைக்காவது திறந்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. திரும்பக் கற்றுக்கொடுக்க மூன்று மாதமாவது ஆகும்.

கடிதத்தைப் படித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தாள். அழுது முடித்ததும் பசித்தது, சாமைச் சோறு இரண்டு தட்டு சாப்பிட்டேன். மரம் போய்விட்டது, நீ வருகிறாய். கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டமே இல்லை.

சக்கரவர்த்தி என் சுவரை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறான். "காலியாவே இருக்கட்டும், ஏன் காலின்னு நீயே நின்னு சொல்லு" என்கிறான். சொல்லப்போகிறேன். எதற்கும் உன் டேப்லெட்டை எடுத்து வா. கட்டாயம் இல்லை.

வாணி


வாணியம்பாடி,
13 மே 2025

என் வாணிக்கு,

வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் அம்மா கொடுத்த பலாப்பழம் பஸ் முழுக்க மணத்தது. கண்டக்டர் இரண்டு சுளை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

நான் வரைவேன் என்று நினைத்து வரவில்லை. காலிச் சுவருக்கு முன்னால் நின்று அத்தனை பேரிடமும், "கேக்காம எடுத்தேன், அதான் அழிச்சிட்டேன்" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. டேப்லெட்டைப் புரொஜெக்டரில் இணைத்து அந்தச் சுவரிலேயே தெரியும்படி வரைந்தேன். நான்கு வருடம் கழித்து முதல் கோடு நடுங்கியது, சுவரளவில் எல்லாருமே பார்த்தார்கள். அப்போது அந்த மரத்துக்கு உரிமைக்காரரான மங்கம்மாள் அக்கா எழுந்து கேட்டாரே! "எம்மரத்துக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை யாருன்னா கேட்டீங்களா?" கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. நானும் கேட்காமல்தான் வரைந்திருக்கிறேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வரைங்க. ஆனா காய் இல்லாம வரையாதீங்க" என்றார்.

இதனோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் வரைந்த முப்பத்தொரு படமும், பழைய படங்களும் அதில் இருக்கின்றன. உன் நிரலுக்குக் கொடு. இம்முறை நீ எடுக்கவில்லை, நான் தருகிறேன். அது என் கையைக் கற்றுக்கொண்டு எங்கே போகிறது என்று எனக்கும் பார்க்க ஆசை.

பழையதில் ஒன்று குறையும், நம் போல்டரிலும் இனி இருக்காது. அதைத் தேடாதே. உன்னிடம் ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. அழைப்பிதழில் மரத்தடியில் ஒரு கருப்பு நிழல் இருந்தது. நீங்கள் எல்லாரும் அதை வேர் என்று நினைத்திருப்பீர்கள். அது வேர் இல்லை. உங்கள் ஊரில் நான் தங்கிய கடைசி நாள் என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, ஒரு காலைத் தூக்கி மரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவசரமாக அதை வரைந்தேன். உன் இயந்திரம் அவரை மழையில் நிற்க வைத்திருந்தது. அதனால்தான் அன்றைக்கு உன்னை வெட்டினேன்.

மற்ற எல்லாமே நம் இருவருக்கும் பொது. அந்தப் படம் மட்டும் என்னோடு இருக்கட்டும்.

உன் ஷாஹீன்