கருப்பையாவின் கைநாட்டு

கண்டி, 1931 ஐப்பசி 14

தெல்தோட்டைக் கருப்பையாவின் அப்பீல் மனுவை நீதிமன்றத்தில் இன்று திருப்பிவிட்டார்கள். கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. வழக்கில் இருந்த அவனுடைய பசு இனி அவனுக்கு இல்லை.

"புரொக்டரின் கையெழுத்தே போதும். இந்தக் கைநாட்டுக்காக ஏன் மினக்கெட்டனீர்?" என்று அங்கிருந்த கிளாக்கர் கேட்டார்.

வக்கீல் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் எனக்கும் அது தெரியும். எங்கள் புரொக்டர் மூன்று நாளைக்கு முன்பே கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் முதல் தடவை கந்தோருக்கு வந்த அன்று கருப்பையா, நான் சொல்லாமலே என் எதிரில் கதிரையில் உட்கார்ந்தான். அந்த எரிச்சலில், கைநாட்டு வைக்க இன்னொரு முறை வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் லீவு கிடைத்து இன்றுதான் வந்தான்.

கந்தோருக்குத் திரும்பி, காத்திருந்த கருப்பையாவிடம் கெடு முடிந்த விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கும்பிட்டான்.

"எம்மேலதாங்க தப்பு, கிளாக்கரையா. நேத்தே வந்திருக்கணும்."

"ஓம்," என்று தலையாட்டினேன்.

பிறகு கதிரையைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.