முதலில் நட்ட அரை ஏக்கர்

12 ஜூலை 1974, ஓவேலி

மழை விடவில்லை. சர்க்கார் கொடுத்த நிலத்தில் தேயிலை நடவு ஜோராக நடக்கிறது. சிலோனிலிருந்து வந்த நான்கு குடும்பம், ஆளுக்கு அரை ஏக்கர். நட்டு முடித்தால் முந்நூறு ரூபாய் மானியம், உரம் தனி. அங்கே தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து முந்நூறு பேரை வேலை வாங்கியவன் நான். இந்த ஒன்பது பேர் எம்மாத்திரம்? தோட்டத்து வழக்கப்படி எல்லோரையும் ஒரே மலையில், அதாவது ஒருவருடைய அரை ஏக்கரில், இறக்கிவிட்டேன். ஒன்றை முடித்துத்தான் அடுத்தது. முதலில் என்னுடையது.

15 ஜூலை

என் மலை முடிந்தது. நூல் பிடித்த வரிசை! சந்தோஷத்தில் எல்லோருக்கும் மூன்று நாள் லீவு கொடுத்தேன். சின்னம்மை கேட்கிறாள்: "நீங்க ஒரு கன்னாவது நட்டீங்களா?" மேற்பார்வையின் அருமை மனைவிக்கு எங்கே தெரியும்.

18 ஜூலை

விவசாய ஆபீஸிலிருந்து நாச்சிமுத்து வந்தார். கோயமுத்தூர்க்காரர். என் மலையைச் சுற்றிப் பார்த்து மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்றிலும் வெறும் குழிகள்.

"ஏனுங்க, இவங்கெல்லாம் நடலைங்களா?"

"ஒவ்வொரு மலையா முடிச்சிட்டு வாறோம் சார்."

"இது ஒரே எஸ்டேட்டு இல்லீங்க. நாலு பேரு, நாலு பட்டா. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள நடாட்டி அவங்களுக்கு ஒண்ணும் வராதுங்க."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? மூன்று நாள் லீவு வேறு!

நாலு பட்டாவில் ஒன்றுக்குச் சொந்தக்காரி, இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருக்கும் வீரம்மா சாயங்காலம் வந்தாள். "எங்க கையால நட்டது, ஒங்களுக்கு மட்டும் காசு. நல்லா இருக்குங்கையா." கோபம் வந்தது. அவள் சொன்னது நிஜம் என்பதால் இன்னும் கோபம்.

19 ஜூலை

மலைக்கு நாலு நாள். மூன்று மலைக்குப் பன்னிரண்டு. இருப்பது பதின்மூன்று. முடியும்.

28 ஜூலை

மற்ற இரண்டு குடும்பத்து வடிவேல், பொன்னுத்துரை இருவர் மலையும் முடிந்தன. வீரம்மாவுடையது பாதியில் நிற்கிறது. நேற்று காட்டெருமைகள் நாற்று அடுக்கியிருந்த இடத்தில் புகுந்து அறுநூறு கன்றை மிதித்துவிட்டன. நாற்றுப் பண்ணைக்கு ஆள் அனுப்பினேன். இந்த வருஷத்துக்குத் தீர்ந்துவிட்டதாம்.

வீரம்மா மிதிபட்ட கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். சண்டை போட்டாலாவது தேவலை.

29 ஜூலை

விடிந்ததும் மண்வெட்டியோடு என் மலைக்குப் போனேன். வீரம்மா மலையில் நட அறுநூறு கன்று, வேரில் மண் உதிராமல் பெயர்க்க வேண்டும். சின்னம்மை பின்னாலேயே வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கூடையை நீட்டினாள்.

"கையெழுத்துதான் ஆயிட்டுதே, அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பொன்னுத்துரை.

"நான் சொல்லுவேன்."

எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். பொய்க் கணக்கு மட்டும் எழுதியதில்லை.

31 ஜூலை

மூன்று பேருக்கும் கையெழுத்து ஆனது. பிறகு நாச்சிமுத்துவை அழைத்துப் போய் என் மலையைக் காட்டினேன். மனிதர் சங்கடப்பட்டார்.

"நான் பாக்காத மாதிரி போயிடட்டுங்களா?"

"வேணாங்க."

மானியப் பட்டியலில் என் பெயரை அடித்தார். அடுத்த வருஷம் நிரப்பினால் மறுபடி எழுதலாம் என்றார்.

வருத்தம்தான் — மறைப்பானேன்?

9 செப்டம்பர்

அவர்கள் மூவருக்கும் மானியம் வந்தது.

16 ஜூன் 1975

நாற்றுப் பண்ணை திறந்துவிட்டது. தங்கள் மலைகளில் பட்டுப்போன கன்றுக்குப் பதில் நடுமுன், முதலில் என் மலை என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடையும் நோட்டுமாகப் போய் நின்றேன். வீரம்மா இரண்டையும் வாங்கிச் சின்னம்மையிடம் கொடுத்துவிட்டு, என் கையில் மண்வெட்டியை வைத்தாள்.

அறுபது குழி வெட்டினேன். பதினொன்றுக்கு ஆழம் போதாது என்றாள். திரும்ப வெட்டினேன்.