நீட்டிய கை

நமுனுகுல,
ஞாயிற்றுக்கிழமை

பிள்ளையின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். "மருந்துதான் ஏத்தி முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் காலையில பெரட்டுக்குப் போய் தோட்ட வேலைக்குப் பேர் குடுக்காம வீட்ல குந்தியிருக்க?" என்று நேற்றுக் கேட்டீர்கள். கொழும்புக் கடையில் இருந்துகொண்டு கேட்பது சுலபம்.

என் வலது முழங்கை நிமிராது. புற்றுநோய் மருந்து ஏறிய நரம்பு மணிக்கட்டிலிருந்து கயிறு மாதிரி இறுகிக் கிடக்கிறது. விரல்களும் மடங்கவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கொழுந்து கிள்ளுவது?

ஊசி போடும்போதெல்லாம் நர்ஸ் மிஸ், "எந்தக் கைம்மா?" என்று கேட்பார். ஆறு தடவையும் வலது கையைத்தான் நீட்டினேன். கடைசித் தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"மாத்திக் குடுத்திருக்கலாமே, ஏம்மா இதையே நீட்டுனீங்க?"

"இடது கையை எப்படி மிஸ் உங்ககிட்ட நீட்டுறது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில், அடுப்பில் வலது கையைச் சுட்டுக்கொண்ட அன்று, இடது கையால் உங்களுக்குத் தேத்தண்ணி நீட்டினேன். கோப்பையைப் பிடுங்கி வாசலில் ஊற்றினீர்கள். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கையை நான் யாரிடமும் நீட்டியதில்லை.

ஆறு தடவையும் பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாகத்தான் வந்தேன். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னீர்கள், வாருங்கள். இந்தக் கடிதம் முழுவதும் இடது கையால் எழுதியது. உங்களுக்குத் தேத்தண்ணியும் இனி அந்தக் கையால்தான் வரும். ஊற்ற வேண்டுமென்றால், வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நிமிராத கையோடு,
உங்கள் வீட்டுக்காரி