புது ப்ரொபெல்லர்

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

டயரியே, இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்கவும். சொல்ல வேறு ஆளில்லை.

கமரா ட்ரோனுக்குப் புது மோட்டர்களும் பெரிய ப்ரொபெல்லர்களும் பூட்டி, பின்னேரம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கிளம்பியதுமே குப்புற விழுந்தது. இடப்பக்கம் சுழலும் இறக்கைகளையும் வலப்பக்கம் சுழலும் இறக்கைகளையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தேன்.

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மேல்வீட்டு அக்கா சிரித்தார். "என்ன தங்கச்சி, உங்கட வீட்டிலேயே முதல் டிகிரிக்காரி, இது பறக்குதில்லையே?"

"மாறிப் பூட்டிட்டன் அக்கா."

திருத்தியதும் அதிகச் சத்தமில்லாமல் எழும்பியது. காட்டுவதற்குத் திரும்பினேன். அக்கா வாளியோடு போய்விட்டிருந்தார்.

ட்ரோன் எடுத்த படத்தை இப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய மாடியில் நான் மட்டும், குனிந்தபடி.

நேரில் கேட்க முடியாததை இங்கேயே கேட்கிறேன்: அக்கா, அடுத்த ஞாயிறும் உடுப்புக் காயப்போட வருவீங்கள்தானே? கொஞ்ச நேரம் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ.