நிலா கண்ணைக் கட்டிக்கொள்கிறாள்

சேரப்பணஞ்சேரி,
10.3.1991

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

ஜாஸ்மின் எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் அத்தையும் சுகம். பெங்களூரில் கட்டட வேலை எப்படிப் போகிறது? அங்கே குளிராமே, தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த மாதம் முழுப் பரீட்சை.

குடும்ப ஜெபத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். முதல் வாரம் தம்பி சாம்சன் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டான். பிள்ளைகளின் ஜெபம் சின்னதாக, அவர்களுடைய சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும் என்று சபை அலமாரியில் இருந்த ஒரு புத்தகத்தில் படித்தேன். அதனால் விளக்கேற்றும் முன்பே உட்காருகிறோம். ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம். சாம்சன், "ஆண்டவரே, கணக்கு வாத்தியார் சைக்கிளு நாளைக்கு பஞ்சர் ஆவணும்" என்று ஜெபித்தான். அத்தை, "டேய், ஆண்டவர்கிட்ட இன்னாடா கேக்கற?" என்று முதுகில் ஒன்று வைத்தார். மறுநாள் வாத்தியார் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். அன்று சாயங்காலம், "நேத்து கேட்டத உட்டுடு ஆண்டவரே" என்றான். எல்லோரும் சிரித்தோம். அம்மா போன பிறகு அன்றுதான் சிரித்தோம்.

நம் சின்னவள் நிலாவுக்கு ஜெபம் என்றால் உயிர். சாயங்காலம் ஆனதும் தானே பாயை இழுத்துப் போட்டு எங்களைக் கூப்பிடுகிறாள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவள் கேட்பது தினமும் ஒன்றுதான். "ஏசப்பா, ஆஸ்பத்திரியில கீற எங்கம்மாவுக்கு சொகம் குடு. சீக்கிரம் வூட்டுக்கு அனுப்பு."

அம்மாவின் அடக்கத்தன்று அவளைச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். மறுநாள் வந்து அம்மா எங்கே என்று கேட்டபோது, "ஆஸ்பத்திரியில கீது கண்ணு. நீ தெனம் ஜெபம் பண்ணா வந்துடும்" என்று சொன்னீர்கள். அப்போது உங்களால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அந்த வாரமே நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள்.

இறந்தவர்களுக்காக நம் சபையில் ஜெபிப்பதில்லை. அது சாம்சனுக்கும் தெரியும். அவள் முடிக்கும்போது அவன் ஆமென் சொல்வதில்லை, நான் மட்டும் சொல்கிறேன். அது பொய்யா அப்பா? சபை உபதேசியாரிடம் கேட்க பயமாக இருக்கிறது. அத்தையோ, "பச்ச கொழந்தகிட்ட எந்த வாயால சொல்றது? உங்கப்பன் வந்து சொல்லட்டும்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். தெருவில் யாரும் மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.

என் மேலும் ஒரு தப்பு இருக்கிறது. ஜெபத்தின் நடுவில் சாம்சனும் நிலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று, கண்ணைத் திறந்தால் ஜெபம் கேட்கப்படாது என்று சொல்லிவிட்டேன். போன வாரம் நிலா ஒரு துணியை எடுத்து வந்து, "அக்கா, கண்ண கட்டி வுடு. நான் நடுவுல தொறந்துடறேன், அதான் அம்மா வரல" என்றாள். அப்படி ஒன்றும் இல்லை, நான் சும்மா சொன்னேன் என்றேன். "அப்ப ஏன் வரல?" என்று கேட்டாள். கட்டிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கட்டிவிடுகிறேன்.

வருகிற 31ஆம் தேதி ஈஸ்டர். அதிகாலை ஆராதனை முடிந்ததும் பூ எடுத்துக்கொண்டு எல்லோரும் கல்லறைக்குப் போவோமே. நிலாவை வீட்டில் விட்டுப் போக ஆளில்லை. உபதேசியார் சிலுவை நட்டு அம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நிலா இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள் அப்பா. படப்பை பஸ் போர்டு, தீப்பெட்டி என்று எதையும் விடுவதில்லை. அங்கே நின்று சந்திரம்மாள் என்று அவளே கூட்டி வாசித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பகலுக்குள் வந்துவிடுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் மடியில் அழுதால் அழுதுகொண்டே தூங்கிவிடுவாள். என்னிடம் அழுதால் நானும் அழுவேன், சாம்சனும் அழுவான், எங்களைத் தேற்ற யாரும் இருக்க மாட்டார்கள். உங்களைத் தேற்றவும் அங்கே யாரும் இல்லையே அப்பா.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் மகள்,
ஜாஸ்மின்