இருபது நிமிசம் முந்தின கம்ப்யூட்டர்

அப்னாட வாப்பாக்கு,

நான் மருதமுனைக்கு, ஜுனைதா ராத்தாட வீட்ட போறன். சோறும் கீரிமீன் ஆணமும் மூடி வெச்சிருக்கன். வெளிய போனா கதவப் பூட்டித் திறப்பப் பக்கத்து வீட்டுல குடுங்க.

நீங்க சாமான் சாமானா வாங்கிப் பூட்டின கம்ப்யூட்டரில மெசேஜ் திறக்கல்ல. நான் தூசி தட்டக்குள்ள வயர ஆட்டிட்டன் எண்டு மூணு நாளா என்னோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. நான் வயரத் தொடல்ல. பள்ளியில லுஹர் தொழுகை ஜமாஅத்துக்குப் பிந்துறீங்க எண்டு, நம்மட சுவர் மணிக்கூட்டப் போல அதிலயும் நேரத்த இருபது நிமிசம் முந்தி வெச்சன். நேரம் பிழையெண்டா மெசேஜ் திறக்காதாம். திரையில கீழ அப்பிடித்தான் எழுதியிருக்கு. நீங்க அத வாசிக்காம மூணுதரம் கழட்டிப் பூட்டினீங்க.

காலையில நேரத்தச் சரியாக்கினன், உடனே திறந்திட்டு. அப்னா கட்டாரில இருந்து அனுப்பின படங்கள் வந்து கிடக்கு, பாருங்க.

சுவர் மணிக்கூட்டத் தொடாதீங்க.

ஹுஸ்னியா

சொல்ல மறந்திட்டன். அந்தக் கம்ப்யூட்டரில இருந்து என்ட போனுக்கு, "ஹுஸ்னியா, நான் கோவிச்சது பிழை" எண்டு உங்கட பேரில ஒரு மெசேஜ் அனுப்பினன். வாசிச்சு, மன்னிச்சும் போட்டன்.